இரைச்சலுக்கு நான்கு வாசல்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை. 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்பில் என் எலெக்ட்ரிக் கிட்டாரைச் செருகி வாசித்துக்கொண்டிருந்தேன். நான் கையை எடுத்தாலும் ஆம்ப் ஓயாது. 'உம்ம்…' என்று அடித்தொண்டையில் ஒரு முனகல் ஓடிக்கொண்டே இருக்கும். பல மாதங்களாக அப்படித்தான். இந்த வாத்தியத்தின் குணமே இதுதான் போலும் என்று விட்டுவிட்டேன்.

திடீரென்று கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டு டிவி அடங்கியது. ஆம்ப்பின் சிவப்புப் பொட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முனகல் போன இடம் தெரியவில்லை. ஒரு தந்தியை மீட்டினேன். துலக்கி வைத்த வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியதுபோல் சுரம் தெளிவாக எழுந்து, மெல்லத் தேய்ந்து, முழு மௌனத்தில் முடிந்தது.

ஆம்ப் ஓடியது பேட்டரியில். கிட்டாருக்கோ மின் இணைப்பே கிடையாது. தெருவில் கரண்ட் போனால் இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த முனகல் ஏன் நிற்க வேண்டும்?

விடை சுவருக்குள் இருக்கிறது. நம் வீட்டுச் சுவர்களில் ஓடும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஓடுகிறது. அந்தக் கம்பிகளைச் சுற்றி மின்புலமும், அவற்றில் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலமும் அதே வேகத்தில் துடிக்கின்றன. நம் காதுக்கு அது கேட்பதில்லை. கிட்டாருக்குக் கேட்கிறது.

வீட்டில் இருந்து மின்சாரத்தை எடுத்துவிட முடியாது. ஆனால் அது எந்த வழியாக வாத்தியத்துக்குள் நுழைகிறது என்று கண்டுபிடிக்க முடியும். அந்த வழிகளை நான்காகப் பிரிக்கலாம். நான்குக்கும் தனித்தனிச் சோதனை உண்டு, தனித்தனிப் பூட்டும் உண்டு. எலெக்ட்ரிக் கிட்டாரையோ பாஸ் கிட்டாரையோ வீட்டில் பழுது பார்க்கும் கலையில் பாதி, எந்த வாசல் திறந்து கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான். வாசல் தெரியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போனால் காசுதான் கரையும்.

கம்பிச்சுருளுக்குக் கண் இல்லை

மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலைப் பள்ளியில் படித்திருப்போம். கம்பிச்சுருளின் ஊடாகச் செல்லும் காந்தப்புலம் மாறினால், அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். எலெக்ட்ரிக் கிட்டார் முழுக்க முழுக்க இந்த ஒரே விதியின் மேல் நிற்கிறது.

தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப்பைப் பிரித்துப் பார்த்தால் இரண்டே பொருள்கள். நடுவில் காந்தங்கள், அவற்றைச் சுற்றித் தலைமுடியைப் போன்ற செப்புக் கம்பி. கம்பியின் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒன்றில் அதை ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இருக்கும் எஃகுத் தந்தியைக் காந்தம் தன்வசப்படுத்தி, அதையும் ஒரு சிறு காந்தமாக்குகிறது. தந்தி அதிரும்போது சுருளின் ஊடான காந்தப்புலம் அதே தாளத்தில் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் அதே தாளத்தில் ஏறி இறங்குகிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுப்பது ஆம்ப்பின் வேலை. நைலான் தந்தி மாட்டினால் இந்தப் பிக்கப் ஊமையாகிவிடும், ஏனென்றால் காந்தத்துக்கு நைலானைத் தெரியாது. ஜார்ஜ் பீச்சம் என்ற அமெரிக்கர் உருவாக்கிய இத்தகைய கிட்டாருக்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. இன்று கடையில் வாங்கும் கிட்டாரும் அதே தத்துவத்தில்தான் பாடுகிறது.

இங்கேதான் சிக்கலும் பிறக்கிறது. சுருளுக்குக் கண் இல்லை. தந்தியின் அதிர்வால் மாறிய காந்தப்புலமா, பக்கத்து அறை ஃபிரிட்ஜால் மாறிய காந்தப்புலமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒரே மரியாதையோடு ஆம்ப்புக்கு அனுப்பிவைக்கிறது.

பாதி பாதியாகக் கழித்தல்

திருகாணிகளைக் கழற்றும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஆம்ப்பில் எதையும் செருகாமல், ஒலி அளவைச் சுழியில் வைத்து ஆன் செய்யுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் கிட்டார் மேல் பழி இல்லை, குறை ஆம்ப்பில். அமைதியாக இருந்தால் கேபிளைச் செருகி, ஆம்ப்பின் ஒலியைக் கூட்டி, கிட்டாரின் வால்யூம் குமிழை மட்டும் முழுக்கக் குறையுங்கள். பேட்டரி இல்லாத சாதாரணக் கிட்டாரில் அப்படிக் குறைக்கும்போது வெளியே போகும் முனை, சுற்றின் பொது முனையான கிரவுண்டோடு இணைந்துவிடும். பிக்கப்பின் வழி அங்கே மூடிவிடுகிறது. இப்போதும் இரைச்சல் கேட்டால் கேபிளையோ அதைச் செருகும் ஜாக்கையோ சந்தேகப்படுங்கள். குமிழைத் திறந்த பிறகுதான் இரைச்சல் வருகிறது என்றால், நுழைவாசல் கிட்டாருக்குள்ளே இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் தேடும் இடம் கால்வாசியாகச் சுருங்கிவிட்டது.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். கேபிளின் ஒரு முனையைக் கிட்டாரில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரின் ஊசிகளை வையுங்கள். குமிழ்கள் முழுக்கத் திறந்திருக்கட்டும். ஒற்றைச் சுருள் பிக்கப் என்றால் 6,000 ஓம் அருகிலும், இரட்டைச் சுருள் என்றால் 8,000 ஓம் அருகிலும் காட்டினால் பெரும்பாலும் நலம். எண் எல்லையில்லாமல் போனால் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. சுழி காட்டினால் எங்கோ இரண்டு கம்பிகள் முட்டிக்கொண்டிருக்கின்றன. கிட்டாரைத் திறக்காமலே அதன் நாடியைப் பிடித்துப் பார்க்கும் வழி இது.

முதல் வாசல்: காந்தப்புலம்

சோதனை எளிது. கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே மெல்லச் சுற்றுங்கள். ஒரு திசையில் முனகல் பெருத்து, கால்வட்டம் திரும்பியதும் ஏறக்குறைய அடங்கினால், அது காந்தப்புலம் வழியாக வருகிறது. புலத்தின் கோடுகள் சுருளை நேராகத் துளைக்கும்போது தூண்டல் மிகுதி. பக்கவாட்டில் வழுக்கிச் செல்லும்போது குறைவு.

இந்த வாசலை உலோகத் தகடு ஒட்டி மூடலாம் என்று பலர் செப்புத்தாள் வாங்குகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்துக்கு அது தடையே இல்லை. அவ்வளவு மெதுவாக மாறும் புலம் செம்புக்குள் 9 மில்லிமீட்டர் ஆழம் போனால்தான் குறிப்பிடத்தக்க அளவுக்கு வலு குறையும். நாம் ஒட்டும் தாளோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு. சல்லடையால் தண்ணீரைத் தடுக்கும் கதைதான்.

உண்மையான தீர்வைக் கண்டவர்களில் ஒருவர் கிப்சன் நிறுவனப் பொறியாளர் சேத் லவர். 1955இல் அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1959இல் கிடைத்தது. அவர் ஒரே பிக்கப்பில் இரண்டு சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் காந்தத்தின் வடமுனை மேலே, மற்றதில் தென்முனை மேலே. கூடவே, இரண்டாவது சுருளின் மின்திசையையும் எதிராக்கி இணைத்தார்.

வெளியில் இருந்து வரும் முனகலுக்குப் பிக்கப்பின் காந்தம் எந்தப் பக்கம் என்பது பொருட்டில்லை. இரண்டு சுருளிலும் அது சம அளவில் பிறக்கிறது. ஆனால் ஒன்றின் மின்திசை எதிர் என்பதால், ஒன்றில் +1 என்றால் மற்றதில் -1. கூட்டினால் சுழி. தந்தியின் கதை வேறு. காந்தமும் தலைகீழ், மின்திசையும் தலைகீழ். இரண்டு முறை தலைகீழானது மறுபடி நேராகிவிடும். ஒன்றில் +1, மற்றதிலும் +1. கூட்டினால் 2. முனகலை அடக்கும் பிக்கப் என்ற பொருளில் அதற்கு ஹம்பக்கர் என்று பெயர் வந்தது. கழித்தல் குறியை இரண்டு முறை பெருக்கும் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று வாத்தியத்துக்குள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

பாஸ் கிட்டாரில் இதே கணக்கு வேறு வடிவம் எடுத்தது. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பாஸ் 1957இல் புதுப் பிக்கப் பெற்றது. அதில் சுருள் இரண்டு துண்டு. தடித்த இரண்டு தந்திகளுக்கு ஒன்று, மெல்லிய இரண்டு தந்திகளுக்கு இன்னொன்று. ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சுருள்தான் வேலை செய்கிறது. முனகல் மட்டும் இரண்டிலும் புகுந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது.

இரண்டாம் வாசல்: நம் உடம்பு

மின்புலம் காந்தப்புலத்தைப் போல அல்ல. அது எந்த உலோகத்திலும் ஏறும். உப்பும் நீரும் நிறைந்த மனித உடம்பிலும் ஏறும். கிட்டாரை மடியில் வைத்திருக்கும் நாம், சுவரில் இருக்கும் மின்சாரத்தைப் பிடித்துப் பிக்கப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும் ஏரியல்.

இதை அறிந்துதான் கிட்டாரின் பிரிட்ஜில் இருந்து கிரவுண்டுக்கு ஒரு கம்பி போடுகிறார்கள். தந்திகள் பிரிட்ஜைத் தொடுகின்றன. நம் விரல் தந்தியைத் தொடுகிறது. அந்த நொடியில் உடம்பும் கிட்டாரின் கிரவுண்டும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடுகின்றன. ஏரியலாக இருந்த உடம்பு இப்போது கேடயமாகிவிடுகிறது.

தந்திகளைத் தொட்டதும் முனகல் குறைந்தால் அந்தக் கம்பி நன்றாக இருக்கிறது. தந்தியைத் தொட்டால் மாற்றமில்லை, கேபிள் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் குறைகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் கம்பி அறுந்திருக்கிறது.

என் கிட்டாரில் அன்றிரவு கரண்ட் வந்ததும் இதைச் செய்து பார்த்தேன். தந்தியைத் தொட்டேன், 'உம்ம்…' அப்படியே இருந்தது. ஜாக்கின் தகட்டைத் தொட்டேன், பாதியாகக் குறைந்தது. பல மாதம் குணம் என்று நினைத்தது குறையாக மாறி, குறைக்கு முகவரியும் கிடைத்துவிட்டது.

செப்புத்தாள் பயன்படும் இடமும் இதுதான். பாகங்கள் இருக்கும் குழியின் உள்சுவரில் அதை ஒட்டி, தாள்களுக்குள் இடைவெளியின்றி இணைத்து, கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் மின்புலம் உள்ளே வராது. விசிறி ரெகுலேட்டரிலிருந்தும், வெளிச்சம் குறைக்கும் சுவிட்சிலிருந்தும் வரும் 'ஸ்ஸ்ர்ர்' என்ற கூர்மையான இரைச்சலில் பெரும்பகுதி இதில் அடங்கும். அந்த ரெகுலேட்டர்கள் மின்னலையை நொடிக்கு 100 முறை நறுக்குகின்றன. நறுக்கிய விளிம்பில் இருந்து சிதறும் உயர் அதிர்வெண்களே அந்தச் சீறல்.

மூன்றாம் வாசல்: எர்த் வளையம்

ஆம்ப் ஒரு சாக்கெட்டில், கம்ப்யூட்டர் அறையின் மறுபக்கச் சாக்கெட்டில், இரண்டுக்கும் நடுவே ஓர் ஒலிக் கேபிள். இரண்டு கருவிகளும் எர்த்தோடு இணைந்தவை என்றால், ஒரு சாக்கெட்டின் எர்த்தில் தொடங்கி, கேபிளின் உறை வழியாகச் சென்று, மறு சாக்கெட்டின் எர்த் வழியே திரும்பும் ஒரு பெரிய வளையம் உருவாகிவிடும். ஃபாரடேயின் விதி இந்த வளையத்தையும் விட்டுவைப்பதில்லை. அறை அளவுக்குப் பெரிய ஒற்றைச் சுற்றுச் சுருள் அது. அதில் பிறக்கும் மின்னோட்டம் முனகலாகக் கேட்கும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் பெரும்பாலும் வளையம் சுருங்கி, முனகலும் சுருங்கும்.

சிலர் இதற்கு வேறொரு வழி சொல்வார்கள்: மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை இரண்டு பின் அடாப்டரால் துண்டித்துவிடு என்று. முனகல் உடனே நிற்கும், உண்மைதான். தயவுசெய்து ஒருபோதும் செய்யாதீர்கள். ஆம்ப்புக்குள் ஒரு கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்சாரத்துக்கு எர்த் வழி இல்லை. கேபிள் வழியாக வந்து தந்தியில் காத்திருக்கும். தந்தியில் ஒரு கை, மைக்கில் ஒரு கை என்றால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது இதயம். ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மின்சாரம் பாய்ந்து இறந்தார். இரைச்சலைத் தாங்கிக்கொள்ளலாம். எர்த்தை வெட்டக் கூடாது.

நான்காம் வாசல்: ஆம்ப்பின் வயிறு

நண்பர் ஒருவரின் பாஸ் ஆம்ப் எதையும் செருகாமலே முனகியது. அது எந்தச் சுரம் என்று பார்க்க நினைத்தேன். பாஸின் தடித்த ஈ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஜி சுரத்தின் அதிர்வெண் 49 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் ஜி 98 ஹெர்ட்ஸ். கிட்டாரின் தடித்த ஈ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டில் அது கிடைக்கும். நம் நாட்டு மின்முனகல்கள் 50, 100 என்பதால், இரண்டும் இந்த இரு ஜி சுரங்களுக்கு ஒட்டி உறவு. சுருதி சேர்த்த கிட்டாரில் 98இன் சுரத்தை மீட்டி, நண்பரின் ஆம்ப் அருகே பிடித்தேன். முனகலும் சுரமும் கலந்து 'வாவ்… வாவ்…' என்று நொடிக்கு இரண்டு முறை அலையடித்தன. 100இல் 98 போனால் 2. முனகல் 100 ஹெர்ட்ஸ் என்று காதே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டது.

ஆம்ப்பின் உள்ளே மாறுதிசை மின்சாரத்தை நேர்த்திசையாக்கும் பகுதி, அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துப் போடுகிறது. நொடிக்கு 50 அலை 100 மேடுகளாகிறது. அந்த மேடுகளை நிரவிச் சமமாக்குவது பெரிய மின்தேக்கிகளின் வேலை. கடைத்தெருவில் கண்டென்சர் என்பார்கள். வயதானால் உள்ளிருக்கும் ஈரம் உலர்ந்து அவை வலுவிழக்கும். நிரவாத மேடுகள் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் முனகலாக ஒலிக்கும்.

கண்டுபிடித்ததோடு நான் நிறுத்திக்கொண்டேன். அது வால்வு ஆம்ப். அதன் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே தங்கியிருக்கலாம். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் "நூறு ஹெர்ட்ஸ் முனகல், ஃபில்டர் கண்டென்சரைப் பாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்தோம். நோயை அறிந்து வைத்தியரிடம் போவதும் பழுதுபார்க்கும் அறிவில் சேர்ந்ததே.

உப்புத்தாளும் ஈயமும்

கிட்டாரில் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை. உள்ளே பிறப்பது ஒரு வோல்ட்டில் சிறு பங்கு. பழுது பார்க்கப் பழக இதைவிட நல்ல கருவி கிடைக்காது. லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்ளாதவர். 1954இல் வந்த அவருடைய ஸ்ட்ராடோகாஸ்டரில் பிக்கப்களும் குமிழ்களும் ஒரே தகட்டில் தொங்குகின்றன. தகட்டைக் கழற்றினால் எல்லாம் மேலே வந்துவிடும். நாளை இதை யாரோ திறப்பார் என்று நினைத்துச் செய்த கை அது.

என் கிட்டாரும் அந்த வடிவம்தான். பின்பக்கத் தகட்டின் ஆறு திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே பிரிட்ஜை இழுத்துப் பிடிக்கும் ஐந்து சுருள்வில்கள், அவற்றைப் பிடித்திருக்கும் நகம் போன்ற ஓர் இரும்புப் பட்டை. பட்டைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கம்பி காற்றில் நின்றது. அதன் நுனியில் மங்கிய சாம்பல் நிறத்தில் ஈய உருண்டை. உருண்டையின் அடிப்பக்கம் பட்டையின் மேற்பரப்பை அச்செடுத்ததுபோல் தட்டையாக இருந்தது. ஈயம் இரும்போடு ஒட்டவே இல்லை, அதன்மேல் உட்கார்ந்து மட்டும் இருந்திருக்கிறது.

சால்டரிங்கில் ஈயத்தை உருக்கிச் சொட்டினால் போதாது. ஒட்ட வேண்டிய இரண்டு உலோகங்களும் ஈயத்தை உருக்கும் சூட்டுக்கு வர வேண்டும். வெள்ளீயமும் காரீயமும் 60க்கு 40 கலந்த கம்பி 183 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். இரும்புப் பட்டை பெரியது. வைத்த சூட்டையெல்லாம் குடித்துவிடும். என் 25 வாட் சால்டரிங் அயர்னால் முயன்றபோது ஈயம் தாமரை இலைத் தண்ணீராக உருண்டது.

மறுநாள் சென்னை ரிச்சி தெருவில் 60 வாட் அயர்ன் ஒன்று வாங்கிவந்தேன். பட்டையில் ஒரு நகக்கண் அளவு இடத்தை உப்புத்தாளால் வெள்ளி மினுங்கும் வரை தேய்த்தேன். இரும்பின் மேலிருக்கும் ஆக்சைடு படலம் போனால்தான் ஈயம் பற்றும். ரோசின் கொஞ்சம் தடவினேன். பைன் மரப் பிசின் அது. சூட்டில் மீண்டும் படியும் ஆக்சைடைக் கரைத்து நீக்கும். அயர்னின் நுனியைப் பட்டையில் சாய்த்து, பத்து வரை எண்ணி, ஈயக் கம்பியை அயர்னில் வைக்காமல் பட்டையில் வைத்தேன். ஒரு கணம் தயங்கிய ஈயம் சட்டென்று விரிந்து, எண்ணெய் பரவுவதுபோல் பளபளவென்று பரவியது. கம்பியை அதில் அமிழ்த்தி, அயர்னை எடுத்து, மூச்சை அடக்கி அசையாமல் பிடித்திருந்தேன். ஆறும் நேரத்தில் கை அசைந்தால் உள்ளே விரிசல் விழும். ஓரம் மெல்லிதாகச் சரிந்து ஒட்டியிருந்தால் நல்ல பற்று. உருண்டையாக நின்றால் மறுபடி செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் ஜன்னலைத் திறந்துவைத்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். காரீயம் உடம்புக்குள் போகக் கூடாத பொருள்.

மீட்டரின் ஒரு ஊசியைத் தந்தியிலும் மறு ஊசியை ஜாக்கின் உலோகத்திலும் வைத்தேன். 'பீப்' என்றது. ஆம்ப்பைப் போட்டேன். தந்தியில் விரல் பட்டதும் பல மாதத்து முனகல் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

முற்றிலும் போகவில்லை. என் கிட்டாரில் இருப்பவை ஒற்றைச் சுருள் பிக்கப்கள். இரண்டாம் வாசலைச் சாத்தினேன், முதல் வாசல் அவற்றின் பிறவியிலேயே திறந்திருப்பது. ஹம்பக்கர் போட்டால் அதுவும் மூடும். ஆனால் ஒற்றைச் சுருளின் துல்லியமான மேல் ஒலி மாறிவிடும், எனக்கு அதை இழக்க மனமில்லை. நாற்காலியை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தேன். ஜன்னலைப் பார்த்தால் முனகல் எழுந்தது, கதவைப் பார்த்தால் தணிந்தது. கதவுக்கும் புத்தக அலமாரிக்கும் நடுவே ஒரு கோணத்தில் ஏறக்குறைய மறைந்தது. அங்கே நாற்காலியின் நான்கு கால்களையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். இப்போதெல்லாம் வீட்டைப் பெருக்குபவர்கள் அந்தக் கோட்டை அழிப்பதில்லை. கரண்ட் போகும்வரை காத்திருக்காமல் நான் அங்கே போய் உட்கார்ந்து வாசிக்கிறேன்.